ஒன்பது ஒழுக்குகள்

அமேசான் கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரின் யூத ஜெப ஆலயத்துக்கு இருபது வருடமாக ஜாக்கோ அசன்கோட்தான் பொருளாளர். வேறு யாரும் மாட்டவில்லை, அவ்வளவுதான். பத்து ஆண்கள் கூடினால்தான் கூட்டுத் தொழுகை. ஊரில் இருந்ததே பத்துப் பேர். ஒருவர் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் கதவைச் சாத்த வேண்டியதுதான். இது பத்துப் பேருக்கும் தெரிந்திருந்ததுதான் ஜாக்கோவின் தலைவலி.

கூரை ஒழுகத் தொடங்கியதும் பத்துப் பேரில் ஒருவரான இசாக் பெமெர்கியிடம் ஐந்நூறு ரியால் கேட்டுப் பார்த்தார்.

"ஐந்நூறா? என்னைப் பஞ்சப்பரதேசின்னு நெனச்சியா?"

"சரிண்ணே, ஐயாயிரம்."

"ஓஹோ! நான் என்ன கொள்ளையா அடிச்சு வெச்சிருக்கேன்?"

இசாக் இரண்டு வாரம் வரவில்லை. ஒன்பது பேரும் வாசலைப் பார்த்துப் பார்த்துக் கலைந்தார்கள்.

கேட்டால்தானே வம்பு? பெயர்ப்பலகை என்றால் தானாகக் கொடுப்பார்கள். ஆனால் நாற்காலி, விளக்கு, கைகழுவும் தொட்டி வரை எல்லாவற்றிலும் யாருடைய அப்பா பெயராவது ஏறியிருந்தது. மிஞ்சியவை ஒன்பது ஒழுக்குகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பித்தளைப் பலகை அடித்தார் ஜாக்கோ. மற்ற ஒன்பது பேரும் ஆளுக்கொரு ஒழுக்கில் அப்பா பெயரைப் போட்டுக்கொள்ள, ஒரே வாரத்தில் பணம் சேர்ந்துவிட்டது. கூரை போடுவதற்கு முன்பே பலகையை மாட்டியதுதான் மனிதர் செய்த முட்டாள்தனம்.

கூரைக்காரன் ஏணியோடு வந்தான். இசாக் குறுக்கே நின்றார். "எங்கப்பா பேர்ல இருக்கிற ஒழுக்கு இது. கைய வெச்சே, இனி வரமாட்டேன்."

"அவரோடது இருந்தா என்னோடதும் இருக்கணும். என்னோடதுதான் பெருசு," என்றார் பக்கத்துப் பலகைக்காரர் மெசோட் செருயா.

ஏணி திரும்பிப் போனது.

அடுத்த சனிக்கிழமை, ஓய்வுநாளன்று, அடைமழை. அன்று எந்த வேலையும் கூடாது; குடை விரித்தால்கூடக் கூடாரம் அடித்த பாவம். ஒன்பது குடைகள் சுவரோரம் மடங்கிக் கிடக்க, ஒன்பது பேரும் அவரவர் பலகைக்கடியில் பெருமையாக நனைந்தார்கள்.

மெசோட் திரும்பிப் பார்த்தார். "பணத்தை வெச்சிருக்கிறவன் மட்டும் நனையல, பாத்தீங்களா?"

ஜாக்கோவுக்குச் சுருக்கென்றது. கண் கலங்கிவிட்டது. தொழுகைத் துண்டை மடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"ஜாக்கோ! ஐயோ, நீ போனா ஒன்பதுப்பா!" என்று பதறினார் மெசோட்.

இவர் கோபிப்பார் என்று இதுவரை யாரும் பயந்ததில்லை. ஜாக்கோ நின்றார்.

"ஞாயித்துக்கிழமை கூரை போடணும்."

"ஓய்வுநாள்ல வேலை பேசக்கூடாதே!" என்றார் இசாக்.

"அப்ப நான் வரேன்." ஜாக்கோ மறுபடி வாசல் பக்கம் திரும்பினார்.

"இருப்பா, இரு!"

இசாக் தலையிலிருந்து நீர் வழிய மற்றவர்களைப் பார்த்தார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், ஒன்பது பேரும் சேர்ந்து "ஆமென்" என்றார்கள்.