இரவல் பவளம்

1932 ஆகஸ்ட் 23, செவ்வாய்க்கிழமை. விடியுமுன் எழுந்து பொதுக் குழாயில் குளித்தேன். திருநீறு பூசி விளக்கின் முன் நின்றேன். இரண்டு தோசை, ஒரு தம்ளர் காப்பி. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டுக் குடையோடு இறங்கினேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே சாமான் கிடங்கில் நான் கிராணி, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தா. வழக்கமாக நேரே கிடங்குக்குத்தான் போவேன். அன்று வழியில் நகை செய்யும் பத்தர் கடையில் நிற்க வேண்டியிருந்தது. மகளின் மோதிரம் தயாராகிவிடும் என்று அவர் சொல்லியிருந்தார்.

மகளுக்குச் செவ்வாய் தோஷம். ஆவணி முடிவதற்குள் காப்பார் ஊரிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அதற்கு முன் ஏழு குன்றிமணி எடையுள்ள பவளத்தை, கல்லின் அடி விரலில் படும்படி மோதிரமாகப் போட வேண்டும் என்றார் ஜோசியர். கடைத்தெருவில் விற்பதில் பாதி சாயம் போட்ட எலும்பு. நல்ல பவளம் வாங்க, சம்பளம் வெட்டுப்பட்டிருந்த அந்த வருஷத்தில் எனக்கு வழியில்லை.

பக்கத்து வீட்டின் பின்னறையில் திபெத்துக்காரத் தம்பதி குடியிருந்தார்கள். கல்கத்தாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வெள்ளித் தாயத்துப் பெட்டிகள், வான நிறக் கற்கள், எலும்பு மணிமாலைகள், ஊதுவத்திக் கட்டுகள் எல்லாம் கொண்டுவந்து சீனர் கடைகளுக்கு விற்றார்கள். அந்த ஊதுவத்தியில் மூங்கில் குச்சி கிடையாது. முழுக்க மருந்துப் பொடி. ஏற்றினால் பூமணம் வராது, மழை நனைத்த மரப்பட்டையின் வாசனை வரும். கணவருக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் படுத்தபின் அந்தப் பெண் தனியாக இருந்தாள். என் மனைவி கஞ்சி வைத்துக் கொடுப்பாள். அப்படித்தான் அவள் கொஞ்சம் தமிழ் பேசப் பழகினாள்.

அவள் கழுத்து மாலையின் நடுவில் புளியங்கொட்டையைவிடப் பெரிய பவளம் ஒன்று இருந்தது. என் மனைவி விலை கேட்டதற்கு அவள் சிரித்தாள்.

"விக்க மாட்டேன் அக்கா. எங்கம்மா கல்லு. உன் பொண்ணு போடட்டும். மாப்பிள்ளை வந்து போனதும் குடு."

அங்கேயே நூலை அவிழ்த்துக் கல்லை எடுத்து என் மகள் கையில் வைத்தாள். மாலையில் அந்த இடத்தை முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டாள்.

எடை கூடினாலும் சரி, முழுக் கல்லையும் கம்பியால் பிடித்து மோதிரத்தில் நிறுத்துங்கள், பிறகு கழற்ற வேண்டும் என்று சொல்லத்தான் சில நாளுக்கு முன் பத்தரிடம் போயிருந்தேன். கடையில் என் மனைவியின் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"இம்மாம் பெரிய பவளம்! எங்க புடிச்சீங்க கிராணியாரே?" என்றார் பத்தர்.

மைத்துனர் தொடையைத் தட்டினார். "எங்க மச்சான் குடைக்கு மூணு தடவ துணி மாத்துன ஆளு. அவராவது பவளம் வாங்குறதாவது? எவகிட்டயாவது இரவல் வாங்கியிருப்பாரு பத்தரே!"

இருவரும் சிரித்தார்கள். இரவல் நகையில் பெண்ணைக் காட்டினான் என்ற பேச்சு காப்பார் வரைக்கும் போகும் என்று தோன்றியது.

"என் கல்லுதான். கல்கத்தாவுலேர்ந்து வந்தது," என்றேன்.

அதற்குப்பின் கழற்றுவதைப் பற்றி எப்படிச் சொல்வது? சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஆகவே எடையை மட்டும் சொன்னேன். "ஏழு குன்றிமணி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது." அந்தக் கல் அதைவிடக் கனம் என்பது கிடங்கில் நாள் முழுக்க எடை பார்க்கிற எனக்குத் தெரியாததல்ல. பத்தர் ஏதாவது கேட்பார், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் ஏன் கேட்கப்போகிறார்? அளவாகச் சொன்னால் அளவாகச் செய்பவர் அவர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, சிவப்புக் காகிதத்தில் கல் இரண்டாக அறுபட்டுக் கிடந்தது. அறுத்த முகம் வெளிறியிருந்தது. ஊசித்துளை பாதிப் பாதியாகத் தெரிந்தது.

"நேத்து பக்கத்து வார்ப்புப் பட்டறைக்காரன் வந்து வம்பளந்து... அட, அந்தக் கதய விடுங்க. மோதிரம் பிந்திப்போச்சு. இந்தத் துண்ட இன்னிக்கித் தேய்ச்சு எடைக்குக் கொண்டாந்துர்றேன். மிச்சத்துல தோடு செஞ்சுக்கலாம்."

"தேய்க்க வேணாம்," என்றேன்.

"ஏன், சரியாத்தானே அறுத்திருக்கேன்?"

"சரியாத்தான் அறுத்திருக்கீங்க."

அப்போதும் சொல்லவில்லை. இரண்டு துண்டுகளையும் காகிதத்தோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிடங்குக்குப் போனேன். அன்று கிள்ளானிலிருந்து வந்த பெட்டிகளை இரண்டு முறை எண்ணினேன். இரண்டு முறையும் வேறு வேறு கணக்கு வந்தது. குனியும்போதெல்லாம் காகிதம் சரசரத்தது.

மாலை வீட்டுக்குள் நுழையும்போதே ஊதுவத்தி வாசனை. அந்தப் பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். குணமாகிவிட்டது என்று கணவரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஊர்க்காரர் ஒருவர் கப்பலில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டார். மறுநாள் ரயிலில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் போய், பினாங்கு வழியாகக் கல்கத்தா. என் மனைவிக்கு ஊதுவத்திக் கட்டு ஒன்று கொண்டுவந்திருந்தாள்.

"பாபு," கல்கத்தா வழக்கப்படி என்னை அப்படித்தான் கூப்பிடுவாள், "நாளைக்குக் கப்பல். கல்லு குடு. பொண்ணுக்கு நான் சாமி கும்பிடுறேன்."

காகிதத்தைப் பிரித்து அவள் முன் வைத்தேன். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"பத்தர் அறுத்துட்டாரா?" என்று மனைவி கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் பழி அவரோடு போயிருக்கும். அந்த ஆமாம் நாக்கு வரைக்கும் வந்தது. "இரவல்னு நான் சொல்லலை. என் கல்லுன்னு சொன்னேன்," என்றேன்.

அந்தப் பெண் இரண்டு துண்டுகளையும் எடுத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தாள். பொருந்தியது, நடுவில் மயிரிழை அளவுக் கோடு. "தாப்பா லா," என்றாள், பரவாயில்லை என்று மலாய்க்காரர்கள் சொல்வதுபோல.

பிறகு ஒரு துண்டை என் பக்கம் தள்ளினாள். "ஒண்ணு பொண்ணுக்கு."

"வேணாம்மா. ரெண்டும் உன்னுது."

"எங்க ஊர்ல உடைஞ்சா வெள்ளிப் பட்டை கட்டுவாங்க. அப்படியே போடுவாங்க. ஊர் போய்க் கட்டுறேன்."

"ஊருக்குப் போயா?" என்றேன். "ரயிலுக்கு முன்னாடி நான் கட்டித் தர்றேன். இன்னிக்கி ராத்திரி மட்டும் என்கிட்ட குடு."

மறுபடியும் என்னை நம்பச் சொல்ல எனக்கு என்ன தகுதி? அவள் என்னைப் பார்க்கவில்லை, என் மனைவியைப் பார்த்தாள். மனைவி தலையசைத்த பிறகே காகிதத்தை மடித்து என்னிடம் நீட்டினாள்.

மறுநாள் விடிந்ததும் குளிக்கவில்லை, கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவில்லை. முதல் வேலையாக இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணைக் கழற்றினேன். அது இல்லாமல் ஆண்பிள்ளை இருக்கக் கூடாது என்று மனைவி தடுத்தாள். ஒரு கறுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டு பத்தர் கடைக்குப் போனேன். அவர் அப்போதுதான் உமியில் நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார். மைத்துனரும் காப்பித் தம்ளரோடு அங்கேதான் இருந்தார். அரைஞாணையும் இரண்டு துண்டுகளையும் பட்டறையில் வைத்தேன்.

"இந்த வெள்ளியில பட்டை அடிச்சு இதை ஒண்ணா கட்டணும் பத்தரே. ரயிலுக்கு முன்னாடி வேணும். அது என் கல்லு இல்ல. இரவல்."