பிசையாத ரொட்டி

அண்ணி என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல், அவர் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. ரொட்டிக்கடையில் மாவு பிசைகிற வேலை. விடிவதற்குள் மலை மாதிரி மாவைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்து, எனக்குக் காயும் நறுக்கித் தருவார். அண்ணன் கண்ணை மூடிய பிறகு என்னோடுதான் இருக்கிறார். அந்தக் கைகள் என் வீட்டுப் பாரத்திலும் பாதியைச் சுமந்தன. அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொல்லாத நாளில்லை.

கடையின் ஈரத்தரையில் வழுக்கி விழுந்ததில் அண்ணியின் வலது மணிக்கட்டு ஒடிந்தது. எலும்பு கூடிவிட்டது, பலம் கூடவில்லை. இனி மாவு பிசையவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அண்ணி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்காரக் கூசினார்.

"கையாலாகாதவளுக்கு எதுக்கும்மா இவ்வளவு சோறு?"

"இப்படிப் பேசினா எனக்கு ஒரு வாய் இறங்குமா அண்ணி?"

என் பேச்சு எடுபடவில்லை. வெளியூரிலிருக்கும் தன் தம்பியை, ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகச் சொல்லிவிட்டார். தம்பி தங்கமானவர்தான். ஆனால் நெரிசலான அந்த வீட்டில் அண்ணிக்கு ஒரு மூலைதான் மிஞ்சும். போகாதீர்கள் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. மேலே இருப்பவரிடம்தான் முறையிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அண்ணிக்குக் கைப்பயிற்சி கொடுக்கிற அம்மா அயர்லாந்தில் பிறந்தவர். அண்ணி என்ன வேலை பார்த்தார் என்று கேட்டுவிட்டு, "எங்க அம்மா பிசையாமலே ரொட்டி சுடுவாங்களே" என்றார். ஈஸ்ட் கிடையாது. மாவு, உப்பு, சமையல் சோடா, புளித்த மோர். மேலே குறுக்கும் நெடுக்குமாக ஒரு கீறல். அவ்வளவுதானாம்.

"உழாத வயல்ல விளைச்சலா?" என்று அண்ணி வழியெல்லாம் முணுமுணுத்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை நானே மாவில் கை வைத்தேன். பிசையாமல் ரொட்டி எப்படி வரும் என்று எனக்கும் சந்தேகம். அதனால் அண்ணி பிசைவாரே, அதே மாதிரி அழுத்தி, இழுத்து, அடித்துப் பிசைந்தேன். ஊறட்டும் என்று ஈரத்துணியால் மூடிவிட்டு, பிரார்த்தனையை முடித்துக்கொண்டு வந்துதான் ஓவனில் வைத்தேன். வெளியே வந்தது ரொட்டியில்லை, செங்கல்.

அண்ணி அதைத் தட்டிப் பார்த்தார். "ஏம்மா, வீடு கட்டப் போறியா?"

விழுந்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். சிரிப்பு அடங்கியதும் ஒரு துண்டை உடைத்து முகர்ந்தார்.

"மோர் பட்டதுமே சோடா பொங்க ஆரம்பிச்சிருக்கும். நீ மூடி வச்சு அதை அடங்க விட்டுட்டே. போதாததுக்கு உன் பலத்தையெல்லாம் அது தலையில இறக்கியிருக்கே. கிண்ணத்தை எடு."

ஓவன் சூடாகும்வரை மோரைத் தொடவிடவில்லை. பிறகு மாவின் நடுவில் குழி பறித்து மோரை ஊற்றி, விரல்களை அகல விரித்துக் கிண்ணத்தைச் சுற்றி ஓட்டினார். அதற்கு மேல் அந்த மணிக்கட்டு இடம் கொடுக்கவில்லை. ரொட்டிக்கும் அதற்கு மேல் தேவைப்படவில்லை. மாவு கரடுமுரடாக இருக்கிறதே என்று நான் தடவிவிடப் போனேன்.

"கையை எடு! இதுக்கு உன் கை ஆகாது."

கீறல் போட்டு உடனே உள்ளே வைத்தார். வேகும் வாசனையால் வீடே நிறைந்தது. கீறல் வழியாக ரொட்டி மலர்ந்து எழும்பியிருந்தது. அடியில் தட்டினால் காலி டப்பா மாதிரி சத்தம். அன்று வெண்ணெய் தடவி, எனக்கு முன்னால் உட்கார்ந்து, அண்ணி வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் தம்பி வந்தார். தட்டில் வைத்த ரொட்டியைத் தின்று முடித்தார்.

"கிளம்பலாமா அக்கா?"

"எங்கே?"

"எங்கேயாவா! நீதானே வரச் சொன்னே?"

"சொன்னேன். அதுக்கென்ன இப்போ? பஸ் ஏறி வந்த அலுப்பு தீர இன்னொரு துண்டு சாப்பிடு." பிறகு என் பக்கம் திரும்பினார். "வாசனை பிடிச்சு கீழ்வீட்டம்மா நாளைக்கு ஒரு ரொட்டி கேட்டிருக்காங்க. மோர் எடுத்து வெளியில வச்சியா? புளிக்க வேணாமா?"

வைக்கவில்லைதான். சமையலறைக்கு ஓடினேன். மோர்ப் பாத்திரத்தை ஜன்னலோரம் வெயிலில் வைத்துவிட்டு, அங்கேயே நின்று மேலே இருப்பவருக்குக் கைகூப்பினேன்.