என் மகள் காலில் யாரும் பிளேட்டு வைக்கவில்லை

எனக்குக் காதுக்கு முன்னால் வாய் வேலை செய்யும்.

அன்று பள்ளி விடுமுறை. ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போன என்னோடு மகளும் மலையேறினாள். பன்னிரண்டு வயது. ஜீப்பு நிற்பதற்குள் பின்னாலிருந்து குதித்தாள். கல் புரண்டு கால் மடங்கி, கணுக்கால் வீங்கிவிட்டது. அதே ஜீப்பில் போடிக்குக் கொண்டுவந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "கீழ்க்கால் எலும்பு முனையில குரோத் பிளேட்டு உடைஞ்சிருக்கும்மா" என்றார்.

எங்கள் பக்கம் பிளேட்டு என்றால் ஒன்றுதான். பைக்கில் விழுந்தவர்களுக்கு ஆபரேஷன் செய்து உள்ளே வைக்கும் தகடு. எங்கள் தெருவில் பாதிப் பேர் அதோடுதான் நடக்கிறார்கள்.

"என் மக காலுல யாரும் பிளேட்டு வைக்கல. யாரு படத்தையோ வச்சுக்கிட்டு என் பிள்ளைக்கு வைத்தியம் பாக்குறீகளா?"

வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் துணைக்கு வந்தார். "நல்லாக் கேளு ஆத்தா. எனக்கும் இப்படித்தான் படத்த மாத்துனாய்ங்க." எனக்கு இன்னும் வேகம் வந்துவிட்டது.

டாக்டரம்மா சண்டைக்கு வரவில்லை. நல்ல காலையும் படம் எடுக்கச் சொல்லி, இரண்டையும் வெளிச்சத்தில் சேர்த்து வைத்தார். நல்ல காலிலும் எலும்பின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு.

"இதுவும் உடைஞ்சிருக்கா?" என்றேன்.

"அம்மா, செத்த சும்மா இரேன்" என்றாள் மகள். வலியைவிட என்னால்தான் அவளுக்கு அழுகை.

"வளர்ற பிள்ளைக எல்லாருக்கும் அந்தக் கோடு இருக்கும். அங்கதான் எலும்பு நீளுது. அதத்தான் குரோத் பிளேட்டுன்னேன். அதுல அடிபட்டா சில பிள்ளைகளுக்குக் கால் குட்டையாயிரும், இல்ல கோணிக்கும். இப்ப மாவுக்கட்டு போடுறேன். அதப் பிரிச்ச பிறகும் கூட்டிட்டு வந்து காட்டணும்."

என் பிள்ளை அந்தச் சில பிள்ளைகளில் ஒருத்தியா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு நான் போட்ட கூத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். சுவரோரம் உட்காரவைத்து, இரண்டு குதிகாலையும் சேர்த்து வைத்துப் பார்ப்பேன். ஒருநாள் ஒரு கால் குட்டையாகத் தெரிந்து அலறிவிட்டேன்.

"நான் கோணலா உக்காந்திருக்கேன்மா" என்றாள்.

கால் நேராகத்தான் வளர்கிறது, வளர்ந்து முடியும்வரை வந்து காட்டுங்கள் என்று டாக்டரம்மா போன தடவை சொன்னார். நான் முழுசாக நம்பவில்லை. அடுத்த வருஷம் பள்ளி திறந்தபோது பழைய யூனிஃபார்ம் பேன்ட்டைப் போட்டுவந்து நின்றாள். கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. குனிந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு.

புதுத்துணி கேட்டால் திட்டுகிறவள் நான். அன்று, "இன்னும் வளரு தாயி" என்றேன்.

"மொதல்ல பேன்ட்டு எடுத்துக் குடு" என்றாள்.