சில்லுக்கு மறைப்பு வைத்தவள்

கால் முதலில் நீட்டிப் பிறந்தவள் என்பதால் தாய்மாமன் வைத்த பேர் முரண்டு. மூன்று அக்காமாருக்குப் பின் வந்த கடைக்குட்டி. ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிச் சில்லுகளுக்குப் பூச்சுப் பூசுவது அவள் வேலை. பூச்சின் மேல் நீல வெளிச்சம் பட்டால் மின்சாரம் கசியும். சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் அது கூடும். எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு சர்க்கரை. அதைக் கண்டுகொள்வது பூச்சின் மேல் தடவிய நொதி, சூடு பட்டால் கெட்டுப்போகும் சரக்கு. இது பலித்தால் ஒருநாள் எச்சிலிலேயே அளந்துவிடலாம், தினம் விரலைக் குத்திக்கொள்ளும் அப்பாவுக்கு விடிவு என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

இரண்டு மாதமாக ஒரு சில்லும் சர்க்கரையைச் சீண்டவில்லை.

“உன் கை சரியில்லம்மா. வெள்ளிக்கிழமையோட இதை மூடிடலாம்,” என்றார் பெரிய சார்.

“என் கைக்கு என்ன கேடு சார்? உங்க விளக்குதான் கொல்லுது.”

விளக்கின் வெளிச்சம் கூடிக்குறையாமல் நிலைப்பட அரைமணி ஆகும். சார் வந்ததும் அதைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவர் கட்டளைப்படி முன்கூட்டியே அடுக்கிய சில்லுகள் அதுவரை அடியிலேயே வேகும். அன்று காலை ஒன்றை எடுக்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் அவளுக்கே விளங்கிற்று.

“முப்பது வருஷமா விளக்கு போடுறவன் நான். எனக்கே பாடமா?”

“முப்பது வருஷமா யாரும் சொல்லலைன்னா, அது என் தப்பா?”

“ஏண்டி, வேலை போயிடும், வாயை மூடு,” என்று பக்கத்து மேசைக்காரி கிள்ளினாள்.

“போனா போகட்டும்க்கா. செய்யாத தப்பைத் தலையில சுமக்க நான் என்ன கழுதையா?”

வெள்ளிக்கிழமை அட்டைப்பெட்டியைக் கிழித்துச் சில்லுகளுக்கு மேல் மறைப்பு வைத்தாள்.

“அஞ்சு கிண்ணத்துல நீங்களே சர்க்கரை கலந்து கொண்டாங்க சார். எதுல எவ்வளவுன்னு எங்கிட்ட மூச்சு விடாதீங்க.”

விளக்கு நிலைப்பட்டதும் மறைப்பை எடுத்தாள். கிண்ணத்துக்கு ஒரு புதுச் சில்லு, ஒரு சொட்டு. மீட்டர் ஏறியது. குறைவிலிருந்து கூடுதலுக்குக் கிண்ணங்களை வரிசையாக நகர்த்தினாள். கடைசி இரண்டை மட்டும் ஒட்டி வைத்தாள்.

“இது ரெண்டும் ஒரே அளவு. என்னை மாட்டிவிடப் பாத்தீங்களா?”

சார் சட்டைப்பையிலிருந்த சீட்டைப் பிரித்து இரண்டு தரம் பார்த்தார். காது சிவந்தது.

“சரி... திங்கட்கிழமையிலேருந்து மறைப்பு வெச்சே செய்வோம்.”

“அதை நோட்டுல எழுதுங்க. ரெண்டு மாசம் கெட்டது விளக்கால, என் கையால இல்லைன்னும் எழுதுங்க.”

பேனாவை நீட்டினாள். அவர் வாங்கும்வரை கையை மடக்கவில்லை.