நெய் பட்ட நாற்பது வயல்கள்

நிலத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: என்ன தப்புச் செய்தாலும் நிலம் எங்கேயும் போகாது, போவது நம் வேலைதான்.

இரண்டாயிரம் பிறக்கப்போகிறது, கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கு இனிப் பிழைப்பில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பயத்தில்தான் போன வருஷம் ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். மூன்று மாதம் சோதனைக் காலம். சுந்தரபாண்டியம் பக்கத்து வயல்களுக்கு, ஒரு வயலுக்கு ஒன்றாக அளவுத் தாள்கள் இருந்தன. அந்த அளவுகளை டேட்டாபேஸில் ஏற்றி, மறுபடி படமாக வரைந்து காட்ட வேண்டும். சர்வே ஆபீஸ் அதிகாரி வந்து பார்த்துச் சரி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

வீட்டுக்காரர் பட்டாளத்தில். நானும் கைப்பிள்ளையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய அண்ணன் வீட்டில் இருந்தோம். பால்மாவு டின் தீரும்போதெல்லாம் ஓரகத்தியின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அதற்காகவே இந்த வேலை நிலைக்க வேண்டியிருந்தது. எந்தப் பொத்தானைத் தொட்டாலும் வெடித்துவிடுமோ என்று என்னைப் போல் பயப்படுகிறவர்களுக்காக, பிள்ளை தூங்கியதும் இதை எழுதுகிறேன்.

தோப்பு வளர்ந்த விதம்

முதலாளிக்கு அந்தப் பக்கம் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று அதைத்தான் முதலில் ஏற்றினேன். வரையும் இயந்திரத்தின் பேனா தாளைத் தாண்டி ஓடி, ஓரத்தில் முட்டி முட்டி நின்றது. பரப்பளவுக் கட்டத்தில் எழுபத்தைந்து ஏக்கர் என்று இருந்தது.

பழைய தாளில் அளவெல்லாம் சங்கிலிக் கண்ணியில். ஐந்து கண்ணி சேர்ந்தால்தான் ஒரு மீட்டர். நான் கண்ணியை மீட்டராகவே ஏற்றியிருந்தேன். நீளமும் அகலமும் ஐந்து மடங்கு. திட்டு விழப்போகிறது என்று நின்றேன். முதலாளி திரையை வெகுநேரம் ஆசையாகப் பார்த்தார். "தப்பைத் திருத்திக்கிடுங்கம்மா. ஆனா இதுல ஒரு பிரிண்ட் எனக்கு வேணும். எம் மச்சினன் கிட்டக் காட்டணும்."

கோர்ட்டால் முடியாதது

சர்வே எண் நாற்பத்தைந்தில் பத்து உட்பிரிவுகள். சர்வே எண் எழுதும் கட்டத்தை நான் கம்ப்யூட்டரில் எண் என்று அறிவித்து, சாய்கோட்டுக்குப் பதில் புள்ளி வைத்து ஏற்றினேன். 45.1 ஏறியது. 45.10 வந்தபோது, 'இந்த எண் ஏற்கனவே இருக்கிறது' என்று கம்ப்யூட்டர் தடுத்தது. அதற்கு இரண்டும் ஒன்றுதான். நானும் யாரோ ஒரே தாளை இரண்டு முறை கொடுத்துவிட்டார்கள் என்று பத்தாவதை ஒதுக்கிவிட்டேன்.

சர்வே ஆபீஸில் சங்கிலி பிடிக்கும் முத்தையா வாரா வாரம் புதுத் தாள்களைக் கொடுத்துப்போக வருவார். பட்டியலைப் பார்த்தவர், ஒன்று அண்ணனுடையது, பத்து தம்பியுடையது என்றார். "பதினஞ்சு வருசமா ரெண்டு பேரும் வில்லிபுத்தூர் கோர்ட்டுல நிக்காக தாயி. ஜட்ஜய்யாவால சேத்து வைக்க முடியல, நீங்க ஒரு பட்டன்ல முடிச்சிட்டீகளே."

தாளின் பின்பக்கம்

வயலை அளக்கிறவர் நடுவே ஒரு கோடு பிடித்து நடந்துபோவார். போகிற வழியில் இடது வரப்பு எவ்வளவு தூரம், வலது வரப்பு எவ்வளவு தூரம் என்று குறிப்பார். இடதை மைனஸாகவும் வலதை பிளஸாகவும் ஏற்ற வேண்டும். நானோ கான்வென்ட்டில் படித்தவள். தாள் என்றால் மேலிருந்து கீழே என்பது எனக்கு வேதவாக்கு. ஆகவே அளந்தவர் தாளின் உச்சியிலிருந்து என்னை நோக்கி நடந்து வருவதாக வைத்துக்கொண்டேன். எதிரே வருகிறவருக்கு நம் இடது அவருடைய வலது அல்லவா? ட்ரில் வகுப்பில் சிஸ்டர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.

தாளின் இடப்பக்கத்தை வலதென்று வைத்தே இருநூறு வயலை ஏற்றிவிட்டேன். அதிகாரி வருவதற்கு முந்தின நாள் காலை முத்தையா ஒரு படத்தைக் கையில் எடுத்தார், தலையைச் சாய்த்தார், தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "நாங்க கீழயிருந்து மேல நடப்போம் தாயி, அப்படித்தான் எழுதுவோம். பின்பக்கமாப் பாத்தா அம்புட்டும் சரியாத்தான் இருக்கு."

ஒரு வரிக் கட்டளை

என்னோடு வேலை பார்த்த தளவாய்புரம் பாக்கியம் துணிச்சல்காரி. அழுதுகொண்டிருந்த என்னை ஒதுக்கிவிட்டு, தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்தி அடிக்க ஆரம்பித்தாள். மத்தியானத்துக்குள் நாற்பது முடித்திருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஒவ்வொன்றாக எதற்கு? வரப்புத் தூரம் எல்லாவற்றையும் மைனஸ் ஒன்றால் பெருக்கு என்று ஒரே வரி எழுதினால் போதுமே. எழுதினேன், அழுத்தினேன். இருநூறும் திரும்பின. பாக்கியம் திருத்திய நாற்பதும் சேர்ந்து திரும்பி, மறுபடி தப்பாகிவிட்டன.

எந்த நாற்பது? அவள் குறித்து வைக்கவில்லை, கைக்கு வந்த தாளை எடுத்து அடித்திருந்தாள். திருத்தியதும் திருத்தாததும் ஒரே கட்டில் கலந்து கிடந்தன. ஃப்ளாப்பி நகலில் இருந்தது போன மாதத்து நிலவரம். நான் என் சாப்பாட்டுத் தூக்கைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். பாக்கியம் தாள் கட்டைப் புரட்டியவள் ஒரு தாளின் மூலையைத் தடவிப் பார்த்தாள். என் பிள்ளைக்குப் பல் முளைத்த சந்தோஷத்தில் காலையில் நான் வாங்கி வந்த பால்கோவாவைத் தின்றபடியேதான் அவள் அடித்திருந்தாள். அவள் தொட்ட தாளிலெல்லாம் நெய். ஜன்னலில் பிடித்துப் பிடித்து எண்ணினோம். சரியாக நாற்பது. அந்த நாற்பது எண்களை மட்டும் கொடுத்து, மறுபடி மைனஸ் ஒன்றால் பெருக்கினேன். "ஆபீஸ் தாள் பக்கத்துல திங்காதன்னு காலையில வஞ்சீகளேக்கா, இப்பச் சொல்லுங்க பாப்போம்" என்றாள் பாக்கியம்.

அதிகாரி

மறுநாள் வந்த அதிகாரி சிரிக்காத மனிதர். பத்துத் தாளை உருவி, பத்துப் படத்தோடு வைத்துப் பார்த்தார். தோப்பு மூன்று ஏக்கர். அண்ணனும் தம்பியும் தனித்தனி. வரப்புகள் அதனதன் பக்கம். கடைசித் தாளில் அவர் விரல் மூலையில் நின்றது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். முதலாளி என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அதிகாரி பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "சுந்தரபாண்டியத்துல நெல்லுதான் வெளையும்னு நெனச்சேன். பால்கோவாவும் வெளையுது போல."

இப்போது நான் நிரந்தரம், பால்மாவு டின் என் சம்பளத்தில். ஆனாலும் எந்தக் கட்டளையை அழுத்துவதற்கு முன்னும் பாக்கியம் என்ன தின்றாள் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.