சித்தி ஆக்காத கீரை

எங்கள் சித்தி எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களில் பாதிப் பேர், சித்தி விளாங்குடி வீட்டுக்கு வந்த புதிதில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னவர்கள். அது என்ன வார்த்தை என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொறுமையின் பூமாதேவி, அன்பின் இருப்பிடம் என்று மட்டும் எழுதி முடித்தால் அது எங்கள் சித்தியைப் பற்றிய கட்டுரையாக இருக்காது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நான் சின்ன வயதிலிருந்தே எதையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை.

சித்தி பிறந்தது பேரையூருக்கு மேற்கே, வானம் பார்த்த பூமியில். மழை பொய்த்த வருடங்களில் காட்டில் தானாக முளைத்த பண்ணைக்கீரையைக் கிள்ளி வந்து, கம்பஞ்சோற்றோடு தின்று வளர்ந்ததாகச் சொல்வார்கள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. தகப்பனார் தவறிய பிறகு தம்பிமார்களைக் கரையேற்றுவதற்குள் சித்திக்குக் கல்யாண வயதே தாண்டிவிட்டது. இங்கே எங்கள் அம்மா காய்ச்சலில் போனபோது நான் நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். தம்பி கைப்பிள்ளை மாதிரிதான். ஆலையில் மாறி மாறி ஷிப்டு பார்த்த அப்பாவுக்கு வீட்டில் பிள்ளைகளைக் கவனிக்க ஆள் வேண்டியிருந்தது. மறு வருடமே சித்தியைக் கட்டிக்கொண்டு வந்தார்.

பக்கத்துத் தெருவில் இருந்த எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, என்னைக் குழாயடியில் நிறுத்திச் சொன்னதைத்தான் முதலிலேயே குறிப்பிட்டேன்.

"இந்தாரு புள்ள, வந்தவ மசிச்சது கடைஞ்சதுன்னு எதக் குடுத்தாலும் வாங்கித் தின்னுறாதீக. மருந்து வைக்கிறவளுக அதுலதான் வைப்பாளுக. தின்னீகன்னா அவ சொன்னபடிதான் ஆடுவீக. ஒங்க ஆத்தா மொகமே மறந்து போயிரும்."

மருந்து என்றால் ஆஸ்பத்திரி மருந்து இல்லை. சோற்றில் கலந்து கொடுத்து ஆளை வசப்படுத்துகிற இடுமருந்து. இதே எச்சரிக்கையை வேறு வேறு வாயால் கேட்டேன். மற்றதெல்லாம் போகட்டும், அம்மா முகம் மறந்துபோகும் என்றதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அந்த முகத்தை விட்டால் வேறென்ன இருந்தது?

தம்பி ஏற்கெனவே சாப்பாட்டில் முரண்டு பிடிக்கிறவன். பச்சையாக எதைக் கண்டாலும் வாயை இறுக மூடிக்கொள்வான். இப்போது நானும் அவனோடு சேர்ந்துகொண்டேன். சித்தி பூசணிக்காய்க் கூட்டு வைத்தார்கள். தட்டில் அப்படியே கிடந்தது. கீரையைக் கடைந்து நெய் விட்டுப் பிசைந்தார்கள், தம்பி துப்பினான். பப்பாளியை அறுத்துச் சர்க்கரை தூவி வைத்தார்கள். பழத்துக்கு எதற்குச் சர்க்கரை, எதை மறைக்க என்று எனக்கு ஓடியது. சோறும் மோரும் அப்பளமும்தான் எங்கள் சாப்பாடு. அப்பளத்தில் ஒளித்து வைக்க இடம் கிடையாது. ரசம்கூட அடி தெரிந்தால்தான் ஊற்றிக்கொள்வேன். சித்தி அதட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. அப்புறம் தம்பி பொழுது சாய்ந்தால் தடுமாற ஆரம்பித்தான். வாசலில் கட்டியிருந்த பக்கத்து வீட்டு மாட்டின்மேல் போய் முட்டினான். தண்ணீர்ப் பானையைத் தட்டிவிட்டான். ஒருநாள் விளக்கேற்றும் நேரத்தில் நான் எதிரிலேயே நிற்க, "அக்கா, எங்க இருக்க?" என்று கையை நீட்டித் துழாவினான். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பாவும் சித்தியும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் கூடவே போனேன். சித்தியோடு அவனைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. டாக்டர் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "மாலைக்கண்ணும்மா. காய்கறி, பழம் எதுவும் திங்க மாட்டானா?" என்று கேட்டார். வாயில் ஏதோ எண்ணெய் மருந்து ஊற்றினார். "கீரை, பப்பாளி, கேரட்டு, தெனம் ஏதாச்சும் ஒண்ணு உள்ள போகணும். விட்டா கண்ணே போயிரும்" என்றார்.

அத்தைக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை. "கண்ணு எப்பிடிடி திடீர்னு போகும்? வச்சுட்டா. நான் சொன்னேன்ல?" என்று என்னையும் தம்பியையும் அப்பாவுக்குத் தெரியாமல், மருந்து எடுக்கிற ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். இடுமருந்தை வயிற்றிலிருந்து உறிஞ்சி எடுப்பதுதான் அவர் தொழில். அவர் தம்பியைப் படுக்க வைத்து, தொப்புளில் ஒரு குழலை வைத்து உறிஞ்சினார். பிறகு வாயிலிருந்து உள்ளங்கையில் துப்பிக் காட்டினார். கருப்பும் பச்சையுமாக ஒரு சிறு உருண்டை.

"பாத்துக்கங்க தாயி. கீரையில மசிச்சு வச்சிருக்கா."

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கோ வேறு எங்கோ இடித்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? தம்பி வயிற்றில் கீரையே இல்லையே! சித்தி கொடுத்த கீரையை ஒரு வாய்கூட அவன் விழுங்கவில்லை. துப்பாமல் பார்த்துக்கொண்டவள் இல்லை நான், துப்புகிறானா என்று பார்த்துக்கொண்டவள். எனக்குத் தெரியாமல் ஒரு இலை உள்ளே போயிருக்க முடியாது. அப்படியென்றால் அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? அவர் வாயையும் மடியையும் மாறி மாறிப் பார்த்தேன். அன்று சாயங்காலமும் தம்பி நிலைப்படி தடுக்கி விழுந்தான்.

அதற்காகச் சித்தியை நம்பிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அத்தையின் ஆளையும் நம்பவில்லை, அவ்வளவுதான். ஆனால் தம்பியின் கண் போய்க்கொண்டிருந்தது. எங்கே போனோம் என்று சித்தி கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். முகத்தில் அடித்த மாதிரி, "நீங்க மருந்து வப்பீகளா?" என்றும் கேட்டுவிட்டேன்.

சித்தி அரிவாள்மனையை என் பக்கம் நகர்த்தினார்கள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"வைக்க மாட்டேன்னு நான் சொன்னா நம்புவியா? மாட்டேல்ல. நம்ப வேணாம். கொல்லையில முருங்கை நிக்கிது. நீயே ஒடி, நீயே ஆஞ்சு கழுவு, நீயே ஆக்கு. நான் நெலவாசலத் தாண்டி உள்ள வரல. பய கண்ணு மட்டும் போயிறக் கூடாது."

சொன்னபடியே சித்தி நிலைவாசலுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு வீட்டுக்காரி தன் அடுப்படியை விட்டு வெளியே உட்கார்ந்தால் தெரு என்ன பேசும்? பேசியது. "சக்களத்தி மக ஆக்குறா, இவ மகாராணி கணக்கா ஒக்காந்திருக்கா" என்று இரண்டு பக்கமும் கேட்கும்படி பேசியது. சித்தி வாசலிலிருந்தே, "வெங்காயம் வதங்கிருச்சா? இப்பக் கீரையப் போடு. மூடாத, நெறம் போயிரும்" என்று குரல் மட்டும் கொடுப்பார்கள். உப்பு எம்புட்டு என்று கேட்டால், "கையி ஒன்னோடது, நீயே பாத்துக்க" என்பார்கள்.

ஆக்கி முடித்தால் முதல் வாய் நான் தின்பேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு தம்பிக்கு. அவனோ, யார் ஆக்கினால் என்ன, வாயைத் திறக்கவில்லை! பயம் எனக்குத்தான், அவனுக்குப் பச்சை என்றாலே ஆகாது. "உள்ள புழு இருக்கும்" என்றான். நான் அடிக்கக் கை ஓங்கினேன். வாசலிலிருந்து சித்தி தடுத்தார்கள்.

"அடிக்காதத்தா. அவன் சொல்றதும் நாயந்தான. இலைய அவங்கிட்டயே குடு, அவன் பாக்கட்டும்."

அன்றிலிருந்து பகல் வெளிச்சத்தில் தம்பி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவான். ஒவ்வொரு இணுக்காகத் தூக்கி, திருப்பி, முகர்ந்து பார்ப்பான். பிடிக்காததைக் கோழிக்கு வீசுவான். முதலில் முக்கால்வாசி கோழிக்குத்தான் போயிற்று. சித்தியோ, "எங்க வீட்டு இன்ஸ்பெக்டரு பாஸ் பண்ணாத்தான் சட்டிக்குப் போகும்" என்று தெருவில் போகிறவர்களிடம் பெருமையடித்துக்கொண்டார்கள். தான் பார்த்துப் பொறுக்கிய கீரையை, அது தன்னுடையது என்பதால், ஒரு வாய் தின்றான். பிறகு இரண்டு வாய். பரவைச் சந்தையில் வாங்கி வந்த பப்பாளியை அறுக்காமல் முழுதாகவே அவன் முன்னால் வைப்பார்கள். சர்க்கரை கிடையாது. அவனே தட்டிப் பார்த்து, விதையை எல்லாம் வழித்துத் தள்ளி, "இது பாஸ்" என்பான். கேரட்டைக் கடைசிவரை பாஸ் பண்ணவில்லை. போகட்டும்.

ஒருநாள் பொழுது மயங்குகிற நேரம். நானும் தம்பியும் தெருமுனையில் நின்றிருந்தோம். திண்டுக்கல் ரோட்டுப் பக்கமிருந்து சனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். எனக்கே முகம் பிடிபடவில்லை.

"அக்கா, அந்தா சித்தி வருது! கையில பையி இருக்கு!" என்று கத்திக்கொண்டு தம்பி ஓடினான்.

எதிலும் முட்டவில்லை. நேராகப் போய்ச் சித்தியின் காலைக் கட்டிக்கொண்டான். சித்தி பையைக் கீழே போட்டுவிட்டு நடுரோட்டில் உட்கார்ந்து அழுதார்கள். நானும் அழுதேன். அன்று இரவு சித்தியை உள்ளே கூப்பிட்டு அடுப்பைக் கொடுத்தேன். அம்மாவின் முகம் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சித்திக்கு வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி எங்களிடம் ஒரு சொல் சொன்னதில்லை. என்னைப் பெரிய வகுப்பு வரை படிக்க வைத்து, நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கடைசியில் வயிற்றில் கட்டி வந்து, சாப்பாடு இறங்காமல் போயிற்று. கஞ்சியை ஆற்றி எடுத்துப்போய், பழக்கதோஷத்தில் முதல் கரண்டியை நான் வாயில் விட்டுப் பார்த்தேன். சித்தி சிரித்துவிட்டார்கள்.

"இன்னுமாத்தா சந்தேகம்?"

"ஒங்க மேல இல்ல சித்தி, என் உப்பு மேல."

"நான் பாக்க மாட்டேன்த்தா. நீ குடு" என்று கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்கள்.

சித்தி நோயில் கிடந்தபோது உறங்காமல் பார்த்துக்கொண்ட அப்பாவுக்கும், இளநீரும் மாதுளையும் சுமந்து வந்த பேரையூர் மாமன்மார்களுக்கும், ஆஸ்பத்திரியில் துணையிருந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. கடைசி வாரத்தில் சித்திக்குத் தலைவாரி விட்டுத் தேம்பிய அத்தைக்கும் நன்றி. அவர்கள் எதற்கு அழுதார்கள் என்று நான் கேட்கவில்லை. தம்பி இப்போது லாரி ஓட்டுகிறான். ராத்திரி லோடுதான் அவனுக்குப் பிடிக்கும்.

நினைவு நாள் பந்தியில் முருங்கைக்கீரை ஆகுமா என்று சிலர் கேட்டீர்கள். ஆகும். தம்பி பார்த்துப் பொறுக்கியது, நான் ஆக்கியது. சந்தேகம் உள்ளவர்கள் அடுப்படி வரை வந்து பார்த்துவிட்டு இலையில் உட்காரலாம். எங்கள் சித்தி வீட்டில் அதற்கு என்றைக்கும் தடை இருந்ததில்லை.