பிரேக் இல்லாத மேசை

பெயர்ப் போர்டு அடிக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான். "சரோஜாக்கா, ஸ்டிக்கர் ஒட்டுற ஃபிளாட்பெட் அப்ளிகேட்டர் வாங்கப் போறோம். எதை எடுக்கலாம்?" பதுளைப் பக்கம் அந்த மெஷினில் முதன்முதலில் கை வைத்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால் கேட்கிறார்கள். மேசை எத்தனை அடி, கண்ணாடி என்ன தடிப்பு, சீனச் சாமான் நின்று பிடிக்குமா என்று கேட்டுக்கொண்டே போவார்கள். நான் பிரேக் இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன். ஏன் என்று கேட்டால் கதை நீண்டுவிடும், ஃபோனில் காசு போய்விடும். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

1. ஸ்டோருக்குள் ஒரு கடை

தோட்டத்தில் தேயிலை ஃபெக்டரியை நாங்கள் ஸ்டோர் என்போம். எங்கள் தோட்டத்து ஸ்டோரை மூடிவிட்டார்கள். வெறுமனே கிடந்த அந்த நீளக் கட்டடத்தின் ஒரு பகுதியை நடராசா சேர் வாடகைக்கு எடுத்துப் போர்டுக் கடை போட்டார். சேர் யாழ்ப்பாணத்து ஆள், அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அந்தத் தோட்டத்துப் பிள்ளை. ஸ்டோருக்கு நேர் கீழே, சரிவில் இருந்த வரிசை வீடுகளான லயத்தில்தான் எங்கள் காம்பரா, ஒற்றை அறை. கடை ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்தால் எங்கள் வீட்டுத் தகரம் தெரியும். என் வீட்டுக்காரர் மாரிமுத்து சோற்றை வடித்தாரா இல்லையா என்பதை அடுப்புப் புகையை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன்.

அப்போதெல்லாம் போர்டில் ஸ்டிக்கர் ஒட்டுவது இரண்டு பேர் வேலை. அலுமினியம் ஷீட்டில் சவர்க்காரத் தண்ணீர் அடித்து, ஒருவர் ஸ்டிக்கரை இழுத்துப் பிடிக்க, மற்றவர் ரப்பர் ஸ்குவீஜியால் தேய்க்க வேண்டும். நானும் சேரும் பிடித்தால் நிச்சயம் சண்டைதான். நான் இழு என்றால் அவர் விடுவார். எட்டடிப் போர்டில் கொப்புளம் எழும்பும். பிறகு ஊசியை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டு நிற்க வேண்டும்.

2008 வாக்கில் கொழும்பிலிருந்து ரிஸ்வான் என்ற சேல்ஸ்மன் ஒரு மேசையை லொறியில் ஏற்றி வந்தார். கண்ணாடி மேசை, அடியில் லைட், மேலே வெட்டினாலும் தழும்பு தெரியாத மேட் விரிப்பு. இரண்டு பக்கமும் தண்டவாளம். அதன் மேல் குறுக்கே ஒரு பாலம், பாலத்தில் ரப்பர் ரோலர். கொம்ப்ரெசர் காற்றை விட்டால் ரோலர் கீழே அமுங்கும். ஒரு ஆள் பாலத்தைத் தள்ளிக்கொண்டு நடந்தால் போதும், ஸ்டிக்கர் கொப்புளமே இல்லாமல் ஒட்டிவிடும்.

"ஒரு மாசம் வெச்சுப் பாருங்க," என்றார் ரிஸ்வான். "இது பிரேக் இல்லாத மொடல், விலை கொறவு. பிரேக் உள்ளது இன்னும் எறங்கல்ல. வந்த பொறகு ரெண்டையும் பாத்து எடுங்க."

அன்று லுணுகலையில் ஒரு துணிக்கடைக்குப் பத்தடிப் போர்டு ஒட்டினேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. சேர் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

2. யார் தள்ளியது

சாயந்தரம் பாலத்தை வாசல் பக்கத்து முனையில் நிறுத்தி, துணி போட்டு மூடிவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் அது ஜன்னல் பக்கத்து முனையில் நின்றது. துணி நடுவில் தரையில் கிடந்தது.

"ஆர் இதைத் தள்ளினது? நீரோ?" என்றார் சேர்.

"சாவி ஒங்ககிட்டதானே சேர் இருக்கு."

அடுத்த நாளும் அப்படியே. சேர் மட்டக்கம்பை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தார். நீர்க்குமிழ் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. "பழைய சீமெந்துத் தரை, கொஞ்சம் இறங்கியிருக்கு. வேற ஒண்டுமில்லை," என்று சொல்லி ஜன்னல் பக்கத்துக் கால்களுக்குக் கீழே பலகைத் துண்டு வைத்தார். சில நாள் பாலம் நகரவில்லை. பிறகு ஒரு மழை பெய்தது. மறுபடியும் அது ஜன்னலுக்குப் போய்விட்டது. இன்னொரு பலகை வைத்தோம். மழை, மறுபடியும் ஜன்னல்.

இவ்வளவுக்கும் நான் பயப்படவில்லை. தரை சரிவென்றால் சில்லு உருளத்தானே செய்யும். ஒரு மத்தியானம் அதை நேரில் கண்டபோதுதான் பயந்தேன். சேர் டவுனுக்குப் போயிருந்தார். வெளியே மழை. நான் மூலையில் குந்திச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாலம் அசைந்தது. தூங்குகிற பிள்ளை எழுந்துவிடாமல் தாய் பாயை விட்டு நழுவுவாளே, அப்படி நழுவி, சத்தமே இல்லாமல் மேசை முழுக்க நடந்து, கடைசியில் டக்கென்று முட்டி நின்றது. ஜன்னலுக்கு வெளியே எங்கள் லயம். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

3. ரோதமுனி

அதை வீட்டில் சொன்னது என் வாய்க்கொழுப்பு. மாரிமுத்து அந்த ஸ்டோரில்தான் வருஷக்கணக்காகக் கொழுந்து அரைக்கும் ரூமில் வேலை செய்தவர். ஸ்டோர் மெஷின்களைக் காக்கும் சாமி ரோதமுனி, ரோதை என்றால் சக்கரம். மெஷின் யாரையும் கையைப் பிடித்து இழுக்காமல் இருக்க வருஷா வருஷம் அவருக்குச் சேவல் அறுத்துப் பூசை போடுவார்கள். ஸ்டோரை மூடிய பிறகு பூசையும் நின்றுவிட்டது.

"மெசினெல்லாம் கழட்டிக்கிட்டுப் போயிட்டானுங்க. முனி எங்க போவாரு? இவ்வளவு நாளு சும்மா இருந்தவருக்கு இப்ப ஒரு ரோலரு கெடைச்சிருக்கு," என்றார்.

"ஸ்டிக்கர் ஒட்டுற மெசினுக்கெல்லாம் முனி வருவாராக்கும்," என்று நான் கேலி செய்தேன்.

"எந்தப் பக்கம் போய் நிக்கிறாரு?"

"ஜன்னல் பக்கம்."

அவர் கையிலிருந்த பீடியை அணைத்தார்.

மறுநாளே லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. முனி தினமும் எழுந்து வந்து லயத்தைப் பார்க்கிறார், பூசை நின்றதற்கு யாரையோ பலி கேட்கிறார் என்று பேச்சு. ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது தெய்வானையின் காம்பரா. சின்ன வயது, கைக்குழந்தைக்காரி. "அக்கா, என் புள்ளையத்தான் பாக்குறாரா?" என்று அழுதாள். எனக்கு ஆத்திரம் வந்தது. அழுகிறவளைத் திட்டவும் முடியவில்லை.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை லயத்து ஆட்கள் தேங்காய், சேவலுடன் கடைக்கே வந்துவிட்டார்கள். சேர் வாசலில் நின்று யோசித்தார். "சேவலை வெளியில வைச்சுக்கொள்ளுங்கோ. கற்பூரத்தை மட்டும் மேசை விரிப்பில வைக்காதேங்கோ, உருகிப்போம்," என்றார். மேசையின் காலுக்குப் பக்கத்தில் தரையில் கற்பூரம் கொளுத்தினோம். அன்றிரவும் மழை. காலையில் பாலம் ஜன்னலில் நின்றது.

4. இரண்டாவது மேசை

இளைய பிள்ளைகள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், இது தொழில் விஷயம். பிரேக் இல்லாத பாலம் வேலைக்கு உதவாது. ஒரு பள்ளிக்கூடப் போர்டு ஒட்டும்போது பாதியில் ரோலரைத் தூக்கிவிட்டுப் ஸ்டிக்கரின் பின்தாளை வெட்டக் குனிந்தேன். பாலம் தானாக நகர்ந்து, ஒட்டாத ஸ்டிக்கரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. விரல் மாட்டாதது என் நல்ல காலம். மூன்று மொழியிலும் வெட்டிய எழுத்து அத்தனையும் குப்பைக்குப் போனது.

ரிஸ்வான் பிரேக் உள்ளதைக் கொண்டுவந்தார். "எதை எடுப்பம் சரோஜா?" என்று சேர் என்னிடம்தான் கேட்டார். "பிரேக் உள்ளதையே எடுங்க சேர்," என்றேன். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அந்த மேசை வந்த பிறகு பாலம் விட்ட இடத்தில் நின்றது. சேருக்கு நிம்மதி. தெய்வானை பிள்ளையோடு தூங்கினாள். மாரிமுத்து மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"முனியக் கட்டிப் போட்டுட்டீங்க. பகல்ல வேலைக்குக் கட்டு, வேணாங்கல. ராத்திரிக்காவது அவுத்து வுடு."

பல நாள் இதே பாட்டு. சோறு போட்டால் பேசாமல் சாப்பிடுவார், சாப்பிட்டு முடித்ததும் ஆரம்பிப்பார். இவர் வாயை மூட வேறு வழியில்லை என்று, கடை மூடும்போது பிரேக்கை எடுத்துவிட்டுப் போகத் தொடங்கினேன். காலையில் சேர் வருமுன் பாலத்தை வாசல் பக்கம் தள்ளிப் பிரேக் போட்டுவிடுவேன். அது மழை நாள்களில் ஜன்னலுக்குப் போயிருக்கும். போகப் போக வெயில் நாளிலும் போயிருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் அது இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேன் போல.

5. கார்த்திகை மழை

அந்தக் கார்த்திகையில் நாள் கணக்காக விடாத மழை. ஒரு சாயந்தரம் கொஞ்சம் விட்டது. வெளிச்சம் இருக்கும்போதே கடையை மூடலாம் என்று சேர் சொன்னார். நான் பிரேக்கை எடுத்தேன். பாலத்திலிருந்து கையை எடுக்கவில்லை. அது என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடியது. கண்ணாடி அதிர முட்டியது. வாசல் முனைக்குத் தள்ளி வந்து கையை விட்டேன். மறுபடியும் ஓடியது.

அப்போதுதான் சத்தம் கேட்டது. மழை நின்றிருந்தது. தகரத்தில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் எங்கள் காலுக்குக் கீழே, சீமெந்துக்கு அடியில், தண்ணீர் ஓடுகிற சத்தம்.

"சேர், இங்க வாங்க."

அவர் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தார். பிறகு நிமிர்ந்தார். "மலை வெளிக்கிட்டுட்டுது, சரியப் போகுது," என்றார் மெதுவாக. "நான் வான் வண்டியை எடுக்கிறன். சரோஜா, நீர் லயத்துக்கு ஓடிப்போய்ச் சனத்தை எழுப்பும்."

படிக்கட்டில் இறங்கி ஓடும்போது எனக்கு ஒரே யோசனைதான். என்ன சொல்வது? ஒவ்வொரு மழைக்கும் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்து, மண் சரியும், எழும்பிப் போங்கள் என்று கத்திவிட்டுப் போகும். சனம் பள்ளிக்கூடத்தில் போய் நுளம்புக்கடியில் படுத்துவிட்டுத் திரும்பி வரும். ஒன்றும் நடந்திருக்காது, கோழி மட்டும் களவு போயிருக்கும். மண் சரியுது என்று நான் சொன்னால் ஒருவர்கூட அடுப்படியை விட்டு எழும்ப மாட்டார்கள்.

லயத்து வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். "ரோதமுனி எறங்கிட்டாரு. நம்ம லயத்துக்குத்தான் வர்றாரு. எல்லாரும் வெளிய வாங்க."

மாரிமுத்து முதல் ஆளாக எழுந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. தெய்வானை பிள்ளையைச் சேலையில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். அடுப்பில் சோறு கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டு லயமே எழுந்தது. நடக்க முடியாதவர்களைச் சேர் வான் வண்டியில் ஏற்றினார். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது.

விடியும் நேரத்தில் மலை வந்தது. சத்தம் பெரிய லொறி கல் கொட்டுவதுபோல இருந்தது, பிறகு ஒன்றுமில்லை. போய்ப் பார்த்தோம். லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண். கடையின் ஜன்னல் பக்கம் பிய்ந்து மேசையோடு போய்விட்டது. ஆள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் அந்த ஈர மண்ணில் உட்கார்ந்து அழுதேன். சேர் பக்கத்தில் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

6. நிக்குதா?

இப்போது கடை பதுளை டவுனில், சமதரையில். அதே பிரேக் மொடல்தான் வாங்கினோம். நானும் மாரிமுத்துவும் கடைக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறோம். லயத்துச் சனத்துக்கு வேறொரு தோட்டத்தில் வீடு கொடுத்தார்கள். அதுவும் சரிவில்தான். மலைநாட்டில் எங்களுக்கென்று சமதரையை யார் கொடுப்பார்கள்?

மழை பெய்தால் தெய்வானை எனக்கு ஃபோன் எடுப்பாள். "சரோஜாக்கா, மேசை நிக்குதா?"

"நிக்குது."

"அப்ப சரிக்கா." வைத்துவிடுவாள். அவள் சொல்லித்தான் மற்ற வீடுகளும் தூங்கும்.

ஒருநாள் விளங்கப்படுத்திப் பார்த்தேன். "ஏய், இந்த மேசை இருக்கறது டவுன்ல. ஒங்க மலை அசையறது இதுக்கு எப்படித் தெரியும்? அன்னைக்குக் கடையும் லயமும் ஒரே மண்ணுல இருந்துச்சு, அதான்."

அவள் சிரித்தாள். "மேசைக்குத் தெரியாதுக்கா. முனிக்குத் தெரியாதா? நீங்கதானே அன்னைக்குச் சொன்னீங்க."

நான் சொன்ன சொல்லால்தான் அவள் பிள்ளை உயிரோடு இருக்கிறது. அதை நான் எப்படித் திருப்பி வாங்குவேன்?

போன மாரிகாலத்தில் ஒருநாள் அடித்து ஊற்றியது. ஃபோன் வந்தது. நான் பிரேக்கை எடுத்துவிட்டுப் பார்த்தேன். பாலம் கல்லுப்போல நின்றது. டவுனே வெள்ளமாகக் கிடந்தது. அங்கே மலை எப்படி இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

"நிக்குதாக்கா?"

"இல்ல," என்றேன். "நகருது. எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போ."

போனார்கள். இரவு முழுக்க நுளம்பு. மலை அசையவில்லை. காலையில் தெய்வானை ஃபோனில் என்னைத் திட்டினாள். அடுப்பு விறகெல்லாம் நனைந்துபோனதாம், பிள்ளைக்குத் தடிமன் பிடித்துத் தும்முகிறதாம். நான் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். திட்டுவதற்கு அவள் இருக்கிறாள்.

ஆகவே பிள்ளைகளே, பிரேக் உள்ள மேசையை வாங்குங்கள், அதன் காலடியில் இருக்கிற தரையைப் பாருங்கள். தெய்வானையிடம் மட்டும் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த பெரிய மழைக்கும் அவள் கேட்பாள். நகருது என்றுதான் நான் சொல்வேன்.